நோய்க்கு எண் இட்ட வரலாறு

திருவனந்தபுரத்தில் தமிழ் வளர்த்த சான்றோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் (1855–1897). ‘மனோன்மணீயம்’ இயற்றிய புலவராகவே அவரைப் பலரும் அறிவர். வேணாட்டு அரசர்களின் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, அவர்தம் காலத்தை வரையறுத்த வரலாற்றறிஞராகவும் அவர் விளங்கினார். கல்வெட்டில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் ஓர் அரசனின் ஆட்சிக்காலமே இடம் மாறிவிடும் என்பதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அரசர்களின் வரலாறு கல்லிலும் செம்பிலும் எழுதப்பெற்றது. எளிய மக்களின் வரலாறு எங்கே எழுதப்பெற்றுள்ளது? பிறப்பு இறப்புப் பதிவேடுகளிலும் மருத்துவமனைக் கோப்புகளிலும்தான். இன்னார் இந்நாளில் இந்நோயால் மாண்டார் என்னும் ஒற்றை வரியே கோடிக்கணக்கான மாந்தர் இவ்வுலகில் விட்டுச் சென்ற கல்வெட்டு. அவ்வரியில் உள்ள நோயின் பெயர் பிழைபட்டால் என்னாகும்? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

யாம் மருத்துவம் கற்றவரல்லேம். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்து, 1944ஆம் ஆண்டின் மருத்துவ உதவி விதிகளின்படி ஊழியர்கள் விடுக்கும் செலவுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் கடமையை ஏற்றவரேம். மருத்துவமனையிலிருந்து வரும் தாள்களில் நோயின் பெயருக்கு அருகே ஓர் எழுத்தும் இரண்டு மூன்று எண்களும் இருக்கக் கண்டு, இஃது யாதென வினவத் தொடங்கினோம். அவ்வினா எம்மை முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றுக்குள் அழைத்துச் சென்றது.

இலண்டன் மாநகரின் இறப்புப் பட்டியல்

பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் வெளியாயிற்று. கொள்ளைநோய் பரவுகின்றதா என்பதனைச் செல்வர்கள் அறிந்து, உரிய நேரத்தில் ஊரை விட்டு அகல்வதற்கு அப்பட்டியல் பயன்பட்டது. இறந்தவரின் வீட்டிற்குச் சென்று உடலைப் பார்த்து, நோய் இன்னதென்று சொல்லும் பணி, மருத்துவப் பயிற்சி ஏதுமற்ற முதிய மகளிரிடம் விடப்பட்டிருந்தது.

ஜான் கிராண்ட் என்னும் துணி வணிகர் அப்பட்டியல்களைத் திரட்டி ஆராய்ந்து, 1662ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் தொகையியலின் முதல் நூல் என்று அதனை அறிஞர் போற்றுவர். அதில் அவர் கண்டு கூறிய ஓர் உண்மை ஈண்டுக் கருதத்தக்கது. ஒழுக்கக்கேட்டால் வருவதாகக் கருதப்பட்ட மேகநோயால் இறந்தோர் பட்டியலில் மிகச் சிலரே காணப்பட்டனர். நோய் குறைவாக இருந்தமை அதற்குக் காரணமன்று. அந்த முதிய மகளிர்க்கு ஒரு குவளை மதுவும் வழக்கமான கூலியின் இருமடங்கும் கொடுத்து, நோயின் பெயரை மாற்றி எழுதச் செய்தனர் உறவினர். மானத்திற்கு அஞ்சிக் கொடுத்த சிறு கையூட்டு, ஒரு நகரத்தின் நோய் வரலாற்றையே திரித்துவிட்டது. நோய்க்குப் பெயரிடுதல் அறிவைச் சார்ந்தது. ஆயினும் அறத்தையும் சார்ந்தது என்பதற்கு இஃது முதற் சான்று எனலாம்.

பெயர்கள் ஒருமைப்பட்ட கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பணி ஏற்ற வில்லியம் ஃபார் என்பவர் வேறொரு குறையைக் கண்டார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்கின. ஒரே பெயர் மூன்று நான்கு நோய்களுக்கும் வழங்கிற்று. அளக்கும் படி ஊருக்கு ஊர் வேறுபட்டால் நெல்லின் கணக்கு எங்ஙனம் பொருந்தும்? ஆகவே நோய்ப்பெயர்களை ஒழுங்குபடுத்தும் முயற்சியில் அவர் வாழ்நாள் முழுவதும் ஈடுபட்டார். 1854ஆம் ஆண்டில் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜான் சினோ என்னும் மருத்துவர் இறந்தோரின் முகவரிகளைப் பதிவு அலுவலகத்திலிருந்து பெற்று, அவர்கள் குடித்த நீர் எங்கிருந்து வந்தது என்று வீடு வீடாக வினவினார். நோய் நீரால் பரவுவதனை நிறுவினார். பதிவேட்டில் வாந்திபேதி என்று தெளிவாக எழுதிய எழுத்தர்களின் பேனாவிற்கும் அவ்வெற்றியில் பங்கு உண்டு.

பின்னர் பாரிசு நகரத்துப் புள்ளிவிவர அறிஞர் ஜாக் பெர்த்தில்லோன் 1893ஆம் ஆண்டில் சிகாகோ மாநாட்டில் ஒரு பட்டியலை அளித்தார். 44, 99, 161 தலைப்புகள் என மூன்று நிலைகளில் அமைந்த அப்பட்டியலே இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் தாய். 1900ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய நாடுகள் அதனை ஏற்றுத் திருத்தின. 1948ஆம் ஆண்டின் ஆறாம் திருத்தத்தை உலக நலவாழ்வு நிறுவனம் தன் பொறுப்பில் ஏற்றது. அதுவரை இறப்பின் காரணங்களுக்கு மட்டும் இருந்த பட்டியல், உயிரோடிருப்போரின் பிணிகளுக்கும் உரியதாயிற்று. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பெற்றது. பதினோராம் திருத்தம் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்கப்பெற்று, 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

திருவிதாங்கூரில் நோய்க்கணக்கு

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். திருவிதாங்கூரில் 1813ஆம் ஆண்டிலேயே அம்மைக்குத் தடுப்பூசி புகுந்தது. 1865ஆம் ஆண்டில் ஆயில்யம் திருநாள் மன்னர் காலத்தில் தலைநகரில் பொது மருத்துவமனை எழுந்தது. 1875ஆம் ஆண்டில் வி. நாகமையா அவர்களின் மேற்பார்வையில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. ‘திருவிதாங்கூர் நாட்டுக் கையேடு’ எழுதிப் புகழ் பெற்றவரும் இவரே.

1881ஆம் ஆண்டு முதல் இந்தியக் கணக்கெடுப்புகளில் பித்து, செவிட்டூமை, குருடு, பெருநோய் என்னும் நான்கு குறைபாடுகளையும் குறித்தல் வேண்டும் என்னும் விதி வந்தது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. வெண்குட்டத்தையும் பெருநோயையும் மக்கள் வழக்கில் ‘குட்டம்’ என்னும் ஒரே சொல்லால் வழங்கினர். முன்னது தோலின் நிறமாற்றம் மட்டுமே, பிறருக்குத் தொற்றாதது. பின்னது தொற்றுநோய், அக்காலத்தில் மனிதனை ஊரினின்றும் உறவினின்றும் விலக்கி வைத்த நோய். ஆகவே 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அறிவுரையில், வெண்குட்டம் மட்டும் உடையோரைப் பெருநோயர் என எழுதலாகாது என்று தெளிவாக விதித்தனர். ஒரு கணக்கெடுப்பாளர் திண்ணையில் அமர்ந்து எழுதும் ஒரு சொல்லால், குற்றமற்ற ஒருவர் ஏட்டில் பெருநோயராகிவிடக் கூடும் என்பதனை அவ்வதிகாரிகள் உணர்ந்தமை பாராட்டுக்குரியது.

அக்காலத்துப் பிரித்தானிய இந்தியாவின் ஊர்ப்புற இறப்புப் பதிவுகளைப் புரட்டினால், ‘காய்ச்சல்’ என்னும் தலைப்பின்கீழ் மிகப் பெரும் எண்ணிக்கையைக் காணலாம். மலேரியாவால் இறந்தவரும், டைபாய்டால் இறந்தவரும், காசநோயால் இறந்தவரும் அக்கூடையிலேயே இடப்பட்டனர். ஊர்க் காவலரும் கிராம அதிகாரியும் வேறு என் செய்வர்? காய்ச்சல் நோயின் அறிகுறி, நோயன்று. அறிகுறியை நோயாக எழுதிய பிழையால், எந்நோய்க்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதனை அரசு அறியாமற் போயிற்று.

நோய்க்கு முதல் எது?

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. நோய் இன்னதென்று ஆராய்ந்த பின் அதன் முதற்காரணத்தை ஆராய்க என்று வள்ளுவப் பெருந்தகை அவ்வதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். இன்றைய இறப்புக் காரணச் சான்றிதழின் அமைப்பைக் கண்டபோது, அவ்வறிவுரையே படிவமாக உருவெடுத்தது போலும் என யாம் வியந்தோம்.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி அமைந்த நான்காம் எண் படிவத்தில் முதற்பகுதி மூன்று வரிகளை உடையது. முதல் வரியில் இறப்பிற்கு உடனடிக் காரணம். அடுத்த வரியில் அதற்குக் காரணமானது. கடைசி வரியில் அனைத்திற்கும் மூலமானது. இரண்டாம் பகுதியில், துணை நின்ற பிற நோய்கள். எடுத்துக்காட்டாக, வயலில் இறங்கி வேலை செய்த ஒருவர்க்கு எலிக்காய்ச்சல் கண்டது. அதனால் சிறுநீரகம் செயலிழந்தது. அதனால் குருதியில் பொட்டாசியம் மிகுந்து உயிர் பிரிந்தது என்க. மூலகாரணம் எலிக்காய்ச்சல். பத்தாம் திருத்தத்தில் அதன் குறியீடு ஏ27. இங்ஙனம் எழுதாமல் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதிவிடுவோரும் உளர். இதயம் நில்லாமல் இறந்தவர் யார்? அஃது இறக்கும் முறையே அன்றிக் காரணம் ஆகாது என்று படிவத்திலேயே எச்சரிக்கை உண்டு. எலிக்காய்ச்சல் எனத் தெளிவாக எழுதப்பெற்றால், அவ்வூரில் சேற்றில் இறங்கும் ஏனையோரைக் காக்க வழி பிறக்கும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தின்பின் கேரளத்தில் தடுப்பு மாத்திரைகள் வழங்கப்பெற்றமை, அந்நோயின் கணக்கு முன்னரே கையில் இருந்தமையால் அன்றோ?

மருத்துவர் எழுதிய பெயருக்குக் குறியீடு இடுவோர் மருத்துவ ஆவணப் பணியாளர். அவர்களுக்குரிய பயிற்சியின் முதற்பாடம் எளியது. ஆனால் கடைப்பிடிக்க அரியது. பத்தாம் திருத்தம் மூன்று தொகுதிகளை உடையது. மூன்றாம் தொகுதியாகிய அகரவரிசையில் நோயின் பெயரைத் தேட வேண்டும். அங்குக் கண்ட குறியீட்டை அப்படியே எழுதிவிடாமல், முதல் தொகுதியின் அட்டவணைக்குச் சென்று, சேர்க்கத்தக்கவை எவை, விலக்கத்தக்கவை எவை என்று ஒப்பிட்டு உறுதி செய்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் மருத்துவரை வினவுதல் வேண்டும். மருந்துச் சீட்டில் இன்சுலினைக் கண்டு, ‘இவர்க்கு நீரிழிவு’ எனத் தாமே முடிவு கட்டுதல் கூடாது. எழுதப்படாததை ஊகித்து எழுதாமையும், எழுதப்பட்டதை விடாமையுமே இப்பணியின் இரு கண்கள். கல்வெட்டில் சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே குறிக்கும் ஆராய்ச்சியாளரின் நேர்மை இது.

மருத்துவமனை காணாமல் வீட்டிலேயே இறப்போரின் நிலை யாது? அவர்தம் உறவினரை அணுகி, இறுதி நாட்களின் அறிகுறிகளை முறையாகக் கேட்டறிந்து காரணத்தை வரையறுக்கும் வாய்மொழி ஆய்வு முறை ஒன்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்து வர்க்கலைப் பகுதியில் 1,61,942 ஊர்ப்புற மக்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. இதயநோயின் சுமையை ஊர்ப்புறத்திலேயே அளந்து காட்டிய ஆய்வு அது. இத்துறையில் நாடு செல்ல வேண்டிய தொலைவு மிகுதி. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான இறப்புகளுள் மருத்துவச் சான்று பெற்றவை ஏறத்தாழ 22.5 விழுக்காடு மட்டுமே.

பட்டியலில் இடம் தேடிய ஒரு நோய்

பட்டியல் என்பது வேதவாக்கு அன்று. அதுவும் மனிதர் செய்தது, திருத்தத்திற்கு உரியது. இதற்குக் கேரள மண்ணிலேயே சான்று உண்டு.

ஏழை எளியோரிடம், அதிலும் இளம் வயதினரிடம், கணையத்தில் கல் தோன்றி அதன் விளைவாக நீரிழிவு வரும் ஒருவகை நோயைக் கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் அவர்கள் 1960களில் விரிவாக ஆராய்ந்து உலகறியச் செய்தார். விசாகம் திருநாள் மன்னர் (ஆட்சி 1880–1885) பஞ்சம் தீர்க்கப் பரப்பிய மரச்சீனிக் கிழங்கே இதற்குக் காரணமோ எனக் கருதியோரும் உளர்; பிற்கால ஆய்வுகள் அக்கருத்தை உறுதிப்படுத்தவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 1985ஆம் ஆண்டில் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவைத் தனி வகையாக ஏற்றது. பத்தாம் திருத்தத்தில் இ12 என்னும் குறியீடு அதற்கு அமைந்தது. 1999ஆம் ஆண்டில், ஊட்டக்குறைவே நீரிழிவைத் தோற்றுவிக்கும் என்பதற்குச் சான்று போதாது என்று அவ்வகை நீக்கப்பட்டது. கணையக்கல் நோய் கணைய நோய்களோடு சேர்க்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாங்காக் நகரில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு, ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவை ‘ஐந்தாம் வகை’ என மீண்டும் ஏற்றது.

இதனை வெறும் பெயர்ப் போராட்டம் எனக் கருதலாகாது. பெயர் இருந்தால்தான் எண்ணப்படுவர்; எண்ணப்பட்டால்தான் அவர்க்கென ஆராய்ச்சியும் மருந்தும் வரும். பட்டியலில் பெயர் இல்லாத நோயாளி, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத குடிமகனைப் போன்றவர்.

பெருந்தொற்று கற்பித்த பாடம்

இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் கேரளத்தில் கண்டறியப்பட்டார். அந்நோய்க்கு யு07.1 என்னும் குறியீடு அமைந்தது. நீரிழிவோ புற்றுநோயோ உடைய ஒருவர் கோவிட் தொற்றால் இறந்தால், மூலகாரணம் கோவிட். மற்றவை இரண்டாம் பகுதிக்கு உரியவை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் நெறி. ஆயினும் நாட்டின் பல இடங்களில் பழைய நோயையே காரணமாக்கும் போக்கு காணப்பட்டது. பட்டியலில் விடுபட்டோர் பற்றிய கேள்வி கேரளத்திலும் வலுவாக எழுந்தது.

2021ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம், உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்க நெறிமுறை வகுக்குமாறும், இறப்புச் சான்று பெறும் முறையை எளிதாக்குமாறும் ஆணையிட்டது. தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகள் கோவிட் இறப்பாகக் கருதப்படும் என்னும் நெறி செப்டம்பரில் வந்தது. உதவித்தொகை ஐம்பதாயிரம் ரூபாய் என முடிவாயிற்று. அதன்பின் கேரளத்தில் ஆயிரக்கணக்கான பழைய இறப்புகள் பட்டியலில் சேர்க்கப்பெற்றன. ஒரு குறியீட்டின் விலை ஒரு கைம்பெண்ணின் வீட்டில் சில மாதத்து அரிசி என்பதனை அன்று நாடே கண்டது.

பொருளும் மறைபொருளும்

நோயின் பெயரோடு பணம் சேரும்போது அறத்திற்குச் சோதனை வருகின்றது. அமெரிக்க நாட்டில் 1983ஆம் ஆண்டு முதல், முதியோர் மருத்துவக் காப்பீட்டில் நோயின் வகைக்கேற்ப மருத்துவமனைக்குத் தொகை வழங்கும் முறை வந்தது. சிறு நோயைப் பெருநோய்போல் எழுதி மிகுதொகை பெறும் தீயொழுக்கமும் உடன் வந்தது. நம் நாட்டிலும் 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சைக்குத் தொகுப்புத் தொகை உண்டு. எனவே இங்கும் அவ்விழிப்பு வேண்டும். மிகுத்து எழுதுதல் அரசுப் பணத்தைத் திருடுவதாகும். குறைத்து எழுதுதல் நோயாளியின் உரிமையைத் திருடுவதாகும்.

இங்கே எம் அனுபவம் ஒன்றனைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் இளைய ஊழியர் ஒருவர் தம் மனைவியாரின் மருத்துவச் செலவுத் தாள்களோடு எம்மிடம் வந்தார். அவற்றில் மனச்சோர்வு நோய் என எழுதப்பெற்றிருந்தது. “சார், பட்டியலில் மட்டும் தலைவலி என்று எழுதிக்கொள்ளக் கூடாதா? ஆபீசில் நாலு பேர் பார்ப்பார்கள்” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். யாம் மறுத்தோம். மருத்துவர் எழுதியதனை மாற்ற எமக்கு உரிமை இல்லை. மாற்றினால் மருந்துகளும் நோயும் பொருந்தாமல் கோரிக்கையே தள்ளுபடியாகும் என்று விளக்கினோம்.

அவர் சென்றபின் எம் உள்ளம் எம்மைச் சுட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் வேறோர் ஊழியரின் தாள்களை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு உணவுக்குச் சென்றவர் யாமே. மாலைக்குள் அச்செய்தி பிரிவு முழுவதும் பரவிற்று. அந்த இளைஞர் பொய்யை நாடவில்லை. எம் கவனக்குறைவிலிருந்து பாதுகாப்பை நாடினார். அன்று முதல் மருத்துவத் தாள்களை உறையில் இட்டு, பூட்டிய அலமாரியில் வைக்கும் வழக்கத்தை மேற்கொண்டோம். பிரிவில் சுற்றும் பட்டியலில் நோயின் பெயரை எழுதாமல் கோரிக்கை எண்ணை மட்டும் எழுதலானோம். மெய்யை எழுதுமாறு கேட்பவன், அம்மெய்யைக் காப்பதற்கும் கடமைப்பட்டவன். கிராண்ட் கண்ட இலண்டன் மகளிர் பெற்ற கையூட்டின் வேரும் மறைபொருள் காக்கப்படாமை என்னும் அச்சமேயன்றோ? 1969ஆம் ஆண்டுச் சட்டம், இறப்புப் பதிவின் நகலில் இறப்பின் காரணத்தை வெளியிடலாகாது என விதித்தமையும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை அளித்தமையும் இக்கருத்தை வலியுறுத்துவன.

சித்தர் வழியும் பன்னாட்டு ஏடும்

தமிழ் மருத்துவ மரபு நோய்களை 4,448 என வகுத்துக் கூறும். வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களின் அடிப்படையில் அமைந்த அவ்வகுப்பு முறை நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளிலேயே தங்கியது. 2017ஆம் ஆண்டில் நடுவண் அரசு இந்திய மருத்துவ முறைகளின் நோய்ப்பெயர்களுக்குக் குறியீடுகள் அமைத்து வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்கள் அடங்கிய பகுதி, பன்னாட்டு வகைப்பாட்டின் பதினோராம் திருத்தத்தில் சேர்க்கப்பெற்றுப் புதுதில்லியில் வெளியிடப்பெற்றது. இஃது இறப்பின் காரணத்தை எழுதுவதற்கு உரியதன்று. பிணியைக் குறிப்பதற்கு மட்டுமே உரியது. ஆயினும் சித்த மருத்துவரின் சொல் உலக ஏட்டில் ஏறியமை தமிழர் மகிழத்தக்க செய்தி. மகிழ்ச்சியோடு பொறுப்பும் கூடிற்று. மரபின் பெருமைக்காக மிகுத்தெழுதாமல், கண்டதைக் கண்டவாறே எழுதினால்தான் அவ்வேடு நம் மருத்துவத்தின் மெய்யான வலிமையை நாளை உரைக்கும்.

முடிவுரை

இங்ஙனம் நோக்குமிடத்து, நோய்க்கு எண் இட்ட வரலாறு வாய்மைக்கும் அச்சத்திற்கும் நிகழ்ந்த நெடும்போரின் வரலாறே என்பது புலனாகும். மருத்துவரும், ஆவணப் பணியாளரும், எம்போன்ற எழுத்தரும் ஒரே ஏட்டின் வெவ்வேறு வரிகளை எழுதுகின்றோம். நம் இல்லத்தில் ஓர் இறப்பு நேரும்போது, துயரின் நடுவிலும், சான்றிதழில் மூலகாரணம் தெளிவாக எழுதப்பெற்றுள்ளதா என்று அமைதியாக வினவும் உரிமை நமக்கு உண்டு. மருத்துவ நிறுவனம் எதுவாயினும் அச்சான்றினைக் கட்டணமின்றி வழங்குதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கூறுகின்றது.

சுந்தரம் பிள்ளை அவர்கள் கல்லில் படித்த எழுத்துகளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சிற்பி பிழையின்றிச் செதுக்கியமையால் அன்றோ நம் முன்னோர் வரலாறு நமக்குக் கிடைத்தது? நாளைய ஆராய்ச்சியாளர் நம் காலத்தைப் படிக்கப்போவது இத்தாள்களில்தான். நம் வரியை நாம் பிழையின்றி எழுதுவோமாக.